முதுகு சுத்தம்

சட்டையை வாங்கும்போது முதலில் முதுகைப் பார்ப்பவள் அவள்.

முன்பக்கத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். பாக்கெட்டில் பேனா மை ஒழுகியிருந்தால் கொண்டுவருகிறவரே வாய் திறந்து சொல்லிவிடுவார். முதுகு அப்படியல்ல. போட்டிருந்தவருக்கே தெரியாத சங்கதி எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்காலித் துரு, சுவரில் சாய்ந்த சுண்ணாம்பு, பேருந்தில் பின்னால் நின்றவருடைய தலை எண்ணெய். அதனால் லாண்டரிக் கவுன்ட்டரில் ஒரு சட்டை வந்து விழுந்ததும் அதைக் குப்புறப் புரட்டிப் போட்டுவிடுவாள். முதுகு, காலர், கைமடிப்பு, கடைசியில் முன்பக்கம். பார்த்ததைப் பார்த்தபடி ரசீதுப் புத்தகத்தில் எழுதுவாள். மேல்தாள் வாடிக்கையாளருக்கு, கார்பன் பதிந்த அடித்தாள் அவளுக்கு.

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. கடை தொடங்கிய வருஷம் ஒரு வக்கீல், தன் கோட்டில் ஏற்கெனவே இருந்த மைக்கறையை அவள் தலையில் கட்டி, புதுக் கோட்டுக்கே காசு வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எழுதிக்கொள்ளாமல் ஒரு கைக்குட்டைகூடக் கடைக்குள் நுழையாது.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கணும் நீ," என்பார் வீட்டுக்காரர், இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே.

"பார்த்தேன். கறை போகாதுன்னு தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன்."

இப்படிப்பட்டவள்தான் ஒரு வேனை முதுகு பார்க்காமல் வாங்கினாள். வண்டிக்கு முதுகு அடியில் இருக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அறுபது படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் வெளுப்பு வேலைக்காக நாலு வருஷம் நடையாய் நடந்து, கடைசியில் வாங்கியிருந்தாள். ஒரே நிபந்தனை. காலை ஏழு மணிக்குள் துவைத்த விரிப்புகள் வந்து இறங்க வேண்டும், அதுவும் நாலு பக்கமும் மூடிய சொந்த வண்டியில். புது வேன் வாங்க வக்கில்லை. கடையை அகலப்படுத்தச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே வழித்து எடுத்தால் பழைய வேன் ஒன்று தேறும்.

"வண்டி பார்க்க உங்க அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன கவலை," என்றார் வீட்டுக்காரர். அதில் கேலியும் இருந்தது, நிஜமும் இருந்தது.

அவளுடைய அண்ணன் சாதாரண மெக்கானிக் இல்லை. அந்த வட்டாரத்தில் 'காது மாஸ்டர்' என்றால்தான் ஆளுக்கு அடையாளம். ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைப்பார். பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார்கள். அரை நிமிஷம் கழித்து, "மூணாவது வால்வு முனகுது," என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான் முனகியிருக்கும்.

வண்டி பார்க்கப் போன அன்று காலையில்தான் அவரை மெக்கானிக் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சங்கக் கூட்டத்திலிருந்து நேராக, அவளே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார். பழைய வண்டி வியாபாரி ஓடிவந்து கை கொடுத்தார். சிரித்த முகம் மாறாத மனிதர் அவர். தூக்கத்தில் எழுப்பினாலும் சிரித்துக்கொண்டேதான் எழுந்திருப்பார் என்று தோன்றும்.

"தலைவர் ஆனதும் முதல் காலடி என் இடத்துலயா மாஸ்டர்? நான் குடுத்து வச்சவன்."

வீட்டுக்காரர் துணி கொடுக்கப் போயிருந்தார். வியாபாரியின் அறையில் உட்கார்ந்து அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே அண்ணனும் வியாபாரியும் வண்டியோடு நின்றார்கள். இன்ஜின் உறுமுவது கேட்டது, பிறகு அடங்கியது. கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். டீ வந்தது. அண்ணன் குடித்த முதல் வாயிலேயே பாக்கெட் மேல் கொஞ்சம் சிந்திக்கொண்டார்.

வியாபாரி ஒரு தாளை நீட்டினார். அச்சடித்த தாள். 'வாங்குபவர் தரப்பில் செய்த பரிசோதனை' என்று தலைப்பு. இன்ஜின், கியர், பிரேக், அடிப்பாகம் என்று நாலு வரி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம்.

"இது ஒரு சம்பிரதாயம்தான் மாஸ்டர். உங்க கையெழுத்து விழுந்தா அது இந்த வண்டிக்கே கௌரவம்."

அண்ணன் பேனாவை எடுத்து, நாலு கட்டத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். அடியில் பெரிதாகக் கையெழுத்து போட்டார். தலைவர் ஆனபின் போட்ட முதல் கையெழுத்து.

"பாப்பா, கண்ணை மூடிக்கிட்டு எடு," என்றார்.

அவளும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

அன்று சாயங்காலமே சட்டை அவள் கவுன்ட்டருக்கு வந்தது. மறுநாள் சங்கத்தில் போட்டோ எடுக்கிறார்களாம், டீக் கறை போக வேண்டுமாம். அவள் வழக்கம்போலப் புரட்டிப் பார்த்து, எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"அண்ணனுக்குமா ரசீது?"

"அப்பாவுக்கே குடுத்திருக்கேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

ஒன்பதாவது நாள் வேனின் பின்கதவு சாத்த மறுத்தது. வீட்டுக்காரர் இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினார். பத்தாவது நாள் இரண்டு இடி தேவைப்பட்டது. பதினோராவது நாள் காலை ஆறே முக்காலுக்கு, ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறவில்லை. 'மடக்' என்று ஒரு சத்தம். வண்டி நடுவில் மடங்கி, சட்டம் ஒடிந்த கட்டில் போல உட்கார்ந்துவிட்டது. கதவு தானாகத் திறந்துகொண்டது. மூட்டைகள் உருண்டு, அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்த தரையில் விழுந்தன. வார்டு நர்ஸம்மா ஒருத்தர் படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் வீட்டுக்காரர்.

இழுவை வண்டிக்காரர் வேனைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது இன்னைக்கு ஒடிஞ்சது இல்லம்மா. சேசிஸ், இந்த அடிச்சட்டம், முன்னாடியே ஒடிஞ்சிருக்கு. ரெண்டு பட்டை வச்சு வெல்டிங் அடிச்சு, மேல கறுப்பா பூசி மெழுகியிருக்கான். இப்ப அந்த வெல்டிங் விட்டுருச்சு."

"சாதாரணமா பார்த்தா தெரியாதா?"

"நின்னுக்கிட்டுப் பார்த்தா தெரியாது. படுத்துப் பார்த்தா எங்க வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும்."

வியாபாரியிடம் போனபோது அவர் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "மேடம், நான் எதையாவது துணி போட்டு மூடியா வச்சிருந்தேன்? வண்டி வெட்டவெளியிலதான் நின்னுச்சு. உங்க ஆளு பார்த்தாரு. அதுவும் யாரு? இந்த ஊருக்கே வண்டி பார்க்கிறவரு. அவருக்கே தெரியாதது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லி, அந்தத் தாளின் நகல் ஒன்றை அவளிடம் நீட்டினார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

"உங்க அண்ணன் காதுல அவன் நல்லா பூ சுத்திட்டான்," என்றார் வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியில்.

அண்ணன் அன்றைக்கே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், குனியவில்லை. "என் பட்டறைக்கு அனுப்பு பாப்பா. ரெண்டு நாள்ல நிமிர்த்தித் தர்றேன்."

அவள் அனுப்பவில்லை. முதலில் வணிகப் புகார் மன்றத்துக்குப் போனாள். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் சளியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதங்களைப் புரட்டினாள்.

"முதல்ல ஒண்ணு. வண்டியில யாரையும் கை வைக்க விடாதீங்க. நீங்களே ரிப்பேர் பண்ணிட்டா, திருப்பிக் குடுக்கிறேன்னு சொல்ற உரிமை போயிடும்."

"அப்ப திருப்பிக் குடுக்க முடியுமா?"

"ஏன் முடியாது? பழசா இருந்தா என்ன, சரக்கு ஏத்துறதுக்குன்னு சொல்லித்தானே வித்தாரு? ஏத்துனா தாங்கணும். நீங்க தொழிலுக்கு வாங்கியிருக்கீங்க, அதனால விதி கொஞ்சம் இறுக்கம். ஆனா மறைச்சு வித்த குறைக்கு விக்கிறவர்தான் பொறுப்பு." அந்தப் பெண் அடுத்த தாளைத் திருப்பினாள். மூக்கு உறிஞ்சுவது நின்றது. "இது யார் கையெழுத்து?"

"எங்க அண்ணன்."

"இங்கதான் இடிக்குது. நீங்களே ஆள் வச்சுப் பார்த்திருக்கீங்க. அந்த ஆள் பார்த்த இடத்துல தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு விக்கிறவரைப் பிடிக்க முடியாது. உங்க அண்ணன் அடியில படுத்துப் பார்த்திருந்தா கேஸ் அவ்வளவுதான். பார்க்கலைன்னா, பார்க்காத இடத்துக் குறை வியாபாரி தலையில."

"கட்டத்துல கோடு போட்டிருக்காரே."

"கோடு யார் வேணா போடலாம். தாள் வியாபாரி அச்சடிச்சது. உங்க அண்ணன் வந்து, 'நான் அடியில பார்க்கலை, இன்ஜினை மட்டும்தான் பார்த்தேன்'னு வாயால சொன்னா போதும். சொல்லுவாருல்ல?"

"சொல்லுவாரு," என்றாள். என்ன சொல்வார் என்று அவளுக்கே தெரியாது. பார்த்தாரா பார்க்கவில்லையா என்பதே தெரியாது.

கடைக்கு வந்து ரசீதுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். வேன் வாங்கிய தேதி. நாலாவது தாள். அவளுடைய கையெழுத்து, கார்பனில் கொஞ்சம் மங்கலாக:

வெள்ளைச் சட்டை 1. முன் பாக்கெட் டீக் கறை. காலர் லேசான அழுக்கு. முதுகு சுத்தம்.

எண்ணெயும் மண்ணும் ஊறிய அந்த வளாகத்தின் தரை அவள் கண்முன் வந்தது. அதில் மல்லாந்து படுத்து எழுந்த ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அண்ணன் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு வண்டிக்கு அடியில பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்பேனா?"

அவள் புத்தகத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் படித்தார். மூன்று வரிதான். மூன்று பக்கம் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார்.

"புதுச் சட்டை பாப்பா," என்றார் கடைசியில். "சங்கத்துல இருந்து நேரா வந்தேன். அவன் வேற, 'மாஸ்டர், உங்க காதே எக்ஸ்ரே ஆச்சே, நீங்க எதுக்குத் தரையில படுக்கணும்'னான். இன்ஜின் சத்தியமா நல்லா இருந்துச்சு. இப்பவும் நல்லாத்தான் இருக்கும், நீ போட்டுப் பாரு."

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு அண்ணே. அது உட்கார்றதுக்குத்தான் இடம் இல்ல."

அவர் டயரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினார்.

"அடியில பார்க்கலைன்னு மன்றத்துல வந்து சொல்லுங்க. அது போதும். ஒரு வரி."

"சொல்றேன்."

"வருவீங்கல்ல?"

"என் தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" அவர் புத்தகத்தை மூடி, தூசி தட்டி, அவளிடம் கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் உடனே நம்பவில்லை. "நம்மகிட்ட சொல்லிட்டாரு இல்ல, அதுலேயே அவர் உண்மை சொல்ற கோட்டா முடிஞ்சிருக்கும். எதுக்கும் புஸ்தகத்தைப் பையில போட்டுக்க."

விசாரணை நாள் வந்தது. நீளமான ஓர் அறை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அதிகாரி அம்மா. வியாபாரி தனியாக வரவில்லை. சங்கத்து ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "சும்மா, தலைவர் பேசுறதைக் கேக்கலாம்னு வந்தாங்க," என்று அதிகாரியிடம் சிரித்தார். ஐந்து பேரும் பின்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன் உள்ளே வந்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

அதைப் பார்த்ததுமே அவள் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

வண்டியின் போட்டோக்களைப் பார்த்தார் அதிகாரி. இழுவை வண்டிக்காரர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "மறைச்ச வெல்டிங்தான், சந்தேகமில்ல," என்றார். "இப்ப ஒரே கேள்விதான். பரிசோதனை பண்ணவர் யாரு?"

அண்ணன் எழுந்தார். அதிகாரி வாய் திறப்பதற்குள் வியாபாரி பணிவாகக் கை தூக்கினார். "அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கலாமா? மாஸ்டர், முப்பது வருஷத் தொழில்ல, அடியில பார்க்காம நீங்க நல்ல வண்டின்னு கையெழுத்து போட்ட வண்டி ஒண்ணு உண்டா? ஒரே ஒண்ணு சொல்லுங்க, நான் இப்பவே பணத்தை எண்ணி வச்சிடுறேன்."

பின்பெஞ்சில் யாரோ செருமினார்கள். அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு பின்பெஞ்சைப் பார்த்தார். பிறகு மின்விசிறியை.

"இல்ல," என்றார்.

"அப்ப இந்த வண்டியையும் படுத்துப் பார்த்தீங்க?" என்றார் அதிகாரி.

"பார்த்தேன்."

"வெல்டிங் தெரிஞ்சுதா?"

"அன்னைக்கு... கண்ணுல படலை."

அதிகாரி எழுதினார். பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டு, அவளைப் பார்த்தார். "நீங்க வேற ஏதாவது சொல்லணுமாம்மா? வேற ஏதாவது ஆதாரம்?"

அவள் கை பைக்குள் இருந்தது. புத்தகத்தின் ஓரம் விரலில் பட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலால் ஒரு இடி இடித்தார். வேன் கதவைச் சாத்துகிற இடி.

கடை தொடங்கியபோது வாஷிங் மெஷின் வாங்கக் கையில் எதுவும் இருக்கவில்லை. அண்ணன்தான் காயலான் கடையிலிருந்து செத்துப்போன இரண்டு மெஷின்களைப் பொறுக்கிவந்து, பத்து நாள் உட்கார்ந்து, இரண்டையும் ஒன்றாக்கித் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷம் ஓடிற்று அது. ஓடுகிற சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் தினமும் சண்டைக்கு வருவார். அதெல்லாம் இந்த நேரம் பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

"இல்லைங்க," என்றாள்.

புகார் தள்ளுபடி. புதிய ஆதாரம் ஏதும் கிடைத்தால் முப்பது நாளுக்குள் மறுபடி மனு போடலாம் என்று அதிகாரி சொன்னார். எல்லோரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வெளியே படியிறங்கும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார். "வண்டியைக் கொண்டாந்து போடு பாப்பா. பத்து பைசா வேணாம். நிமிர்த்தித் தர்றேன்."

"வண்டியை நிமிர்த்திடுவீங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் முன்னால் நடந்துவிட்டார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "புஸ்தகத்தைக் கொண்டாந்திருந்த இல்ல? பையில தெரிஞ்சுது. எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

மன்றத்தில் அவர் சொன்ன பொய்யைவிட இதுதான் அவளுக்கு உள்ளே போய்க் குத்தியது. தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். தன் தங்கை வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்மேல் தைரியமாக ஏறி நின்றிருக்கிறார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. கடிதம் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கடையின் பின்புறம் வேன் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. வீட்டுக்காரர் அதன் மேல் ஈரத்துணிகளைக் காயப்போட ஆரம்பித்தார். "எதுக்காவது ஆகட்டுமே. சொந்த வண்டியில துணி இருக்கணும்னுதானே சொன்னாங்க," என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவருக்கும் வரவில்லை.

தீர்ப்பு வந்த இருபத்து நாலாவது நாள் அவர் துணி கொடுத்துவிட்டு வந்து, இஸ்திரி மேஜை முன்னால் சும்மா நின்றார்.

"வியாபாரி இடத்துல புதுசா போர்டு வச்சிருக்கான். ஆளுயரத்துக்கு."

"என்னன்னு?"

"'இங்குள்ள வண்டிகள் அனைத்தும் காது மாஸ்டர் பரிசோதித்தவை.' காது படமும் போட்டிருக்கான். காது நல்லா வந்திருக்கு."

அவள் விரிப்பை மடித்தாள். மடித்ததை உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

மறுநாள் தண்ணீர் கேன் போடுகிற அம்மா ஜாக்கெட் இரண்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, ரசீது எழுதும் வரை பேச்சுக் கொடுத்தார். "லாண்டரி அக்கா, சைக்கிள்ல இனிமே முடியலை. சின்னதா ஒரு வேன் பார்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். உங்க அண்ணன் பார்த்த வண்டியாம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கு, சொல்லுங்க."

பேனா நின்றது. கேன் தூக்கித் தூக்கி ஜாக்கெட்டின் தோள் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. அதைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வேணாம்," என்றாள். "ஒரு வாரம் பொறுங்க. அப்பவும் வாங்கணும்னா, பழைய சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் போங்க. வண்டிக்கு அடியில நீங்களே படுத்துப் பாருங்க."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"வெல்டிங்னா எப்படி இருக்கும்னு பின்னாடி வந்து பாருங்க. எங்க வண்டியில இருக்கு."

தார்ப்பாயைத் தூக்கி, தானும் முழங்காலிட்டு உட்கார்ந்து, காட்டினாள்.

இருபத்தாறாவது நாள் மத்தியானம் அண்ணன் வந்தார், கையில் இரண்டு வெள்ளைச் சட்டைகளோடு. சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருப்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முயற்சியும் பண்ணிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமைக்கு வேணும் பாப்பா. வியாபாரி இடத்துல எனக்குத் தனியா ஒரு ரூம் போட்டுத் தர்றான். மேஜை, நாற்காலி எல்லாம். வண்டியை அங்கேயே கொண்டாந்து நிறுத்துவாங்க, நான் பார்த்துக் கையெழுத்து போட்டா போதும். அந்தக் காசுல உனக்கு வேற வேன் ஒண்ணு..."

அவள் சட்டையைக் குப்புறப் போட்டாள். முதுகு, காலர், கைமடிப்பு, முன்பக்கம். இரண்டாவது சட்டை. எழுதினாள்.

"இன்னுமா?" என்றார் அண்ணன்.

"வழக்கம்தானே."

ரசீதைக் கிழித்து நீட்டினாள். அவர் வாங்கும்போது கண் கவுன்ட்டரின் மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு மனு, அதோடு குத்தி வைத்த ரசீது நகல். மங்கலான கார்பன் எழுத்து. மூன்று வரி. அவருக்கு அது மனப்பாடம்.

"என்ன இது?"

"இன்னும் நாலு நாள் இருக்கு அண்ணே. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்."

அண்ணன் நாற்காலியைத் தேடினார். வாடிக்கையாளருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

"நான் பொய் சொன்னவன்னு ஆயிடும்."

அவள் மனுவின் ஓரத்தைச் சரிசெய்து வைத்தாள்.

"சங்கத்துல நான் எப்படி நிக்கிறது? அந்த அஞ்சு பேர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? யோசிச்சியா?"

"இருபத்தாறு நாளா அதைத்தான் யோசிச்சேன். மன்றத்துலயும் அதைத்தான் யோசிச்சேன். நீங்க ஒரு நிமிஷம் என் வண்டியை யோசிக்கலை."

"சரி, குடு. ஆனா ஜெயிப்பேன்னு நினைக்காதே. ஒரு சட்டை முதுகை வச்சு எந்த அதிகாரி தீர்ப்பு சொல்லுவாங்க? அன்னைக்கே ஏன் காட்டலைன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"கேப்பாங்க. எங்க அண்ணன் சொல்லுவாருன்னு இருந்தேன்னு சொல்லுவேன்."

அவர் கவுன்ட்டர் மேல் இருந்த சட்டைகளின் மேல் கை வைத்தார், எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசிப்பவர் போல. அவள் அந்தச் சட்டைகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரசீது போட்டாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைக்கும்."

அண்ணன் ரசீதைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு இறங்கினார். தெருவில் நாலு கடை தாண்டும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது. சுத்தமாகத்தான் இருந்தது.

இஸ்திரி மேஜைக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சட்டைகளை எடுத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து கேட்டார்.

"இதுக்குக் கஞ்சி போடணுமா, வேணாமா?"

"போடுங்க," என்றாள் அவள். "நல்லா விறைப்பா நிக்கட்டும்."